அல்-பிரூனி மலை மேல் நின்று பூமியை அளந்தார், பிழை 16.8 கி.மீ. மட்டுமே: இந்தக் கணக்கு சரிதானா?

கேட்டவர்: சாக்பீஸ்

வணக்கம். பள்ளி அறிவியல் மன்றத்துக்கு, ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த வானியல் அறிஞர் அல்-பிரூனி பற்றி ஒரு சுவரொட்டி தயாராகிறது. பிள்ளைகள் எங்கெங்கோ தேடிக் கொண்டுவந்த குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே செய்தி. ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்ற கோணத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் பூமியின் ஆரம் 6339.9 கி.மீ. என்று கண்டுபிடித்தாராம். இன்றைய அளவைவிட 16.8 கி.மீ.தான் குறைவாம்.

நான் வகுப்பில் 6371 என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவி கழித்துப் பார்த்துவிட்டு, "மிஸ், 31 வருதே, 16.8 எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸுக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே அவர் சொல்லிவிட்டார் என்றும் எழுதிவந்திருக்கிறார்கள். இதையும் போடலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: நிலாமுற்றம்

தாராளமாகப் போடுங்கள் மிஸ். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், தொலைநோக்கி கிடையாது, கால்குலேட்டர் கிடையாது, அரை சதவீதப் பிழையில் அளந்திருக்கிறார். 31 ஆனால் என்ன, 16 ஆனால் என்ன? இதற்குப் போய்க் குறை கண்டுபிடிக்க வேண்டுமா?

---

பதில் 2: பழைய மாலுமி

குறை சொல்ல வரவில்லை நிலாமுற்றம் தம்பி. ஆனால் அந்த மாணவி கேட்டது நல்ல கேள்வி, அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

16.8 எங்கிருந்து வந்தது என்பது சுலபம். 6339.9 உடன் 16.8 கூட்டிப் பாருங்கள், 6356.7 வரும். அது துருவத்தில் பூமியின் ஆரம். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை. நடுக்கோட்டில் ஆரம் 6378, துருவத்தில் 6357. பிரூனி நின்ற இடம் இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உப்பு மலைத்தொடரில் இருக்கும் நந்தனா கோட்டை. அட்சரேகை ஏறக்குறைய 32 முக்கால் பாகை. அங்கே பூமியின் மையத்துக்குள்ள தூரம் 6372 கி.மீ. அளவில் வரும். ஒப்பிட வேண்டியது அதோடு. யாரோ ஒருவர் பிழை எதில் குறைவாகத் தெரிகிறதோ அதை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார், மற்றவர்கள் படியெடுத்துவிட்டார்கள். உங்கள் மாணவி கணக்குதான் சரி.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. நான் சரக்குக் கப்பல்களில் வழி குறிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பிரூனி அளந்த அந்தக் கோணத்தை நாங்கள் டிப் என்போம். செக்ஸ்டன்டில் (கோணம் அளக்கும் கருவி) ஒரு நட்சத்திரத்தின் உயரம் எடுத்தால் முதல் வேலையே அதிலிருந்து டிப்பைக் கழிப்பதுதான். ஏனென்றால் கடல் மட்டத்துக்கு மேலே, கப்பலின் பிரிட்ஜில் நிற்கிறோம்; அடிவானம் நம் கண் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கண் 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் டிப் 8.8 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76 ஆல் பெருக்கினால் போதும். நாங்கள் பூமியின் ஆரம் தெரியும் என்று வைத்துக்கொண்டு டிப்பைக் கண்டுபிடிக்கிறோம். பிரூனி டிப்பை அளந்து ஆரத்துக்குப் போனார். அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டவர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு தனி ஒட்டுதல்.

அவர் எழுதிவைத்த எண்கள் இவை. மலையின் உயரம் 652 முழமும் சொச்சமும். அடிவானத் தாழ்வு 34 கலை. உச்சியிலிருந்து அடிவானத்துக்குப் போகும் பார்வைக் கோடு பூமியைத் தொடும் இடத்தில் ஆரத்தோடு செங்கோணம். ஆரத்தை ஆ, உயரத்தை உ என்று வைத்தால், ஆ / (ஆ + உ) என்பது அந்தக் கோணத்தின் கோசைன். அவ்வளவுதான், பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். (அவர் போட்டது சைன் வழியில், முடிவு ஒன்றுதான்.) அவருக்கு வந்த விடை 1 கோடியே 28 லட்சத்து 51 ஆயிரம் முழத்துக்குக் கொஞ்சம் மேலே.

இனி ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

முழம் எத்தனை சென்டிமீட்டர்? 6339.9 என்ற எண் வர வேண்டுமானால் முழம் 49.33 செ.மீ. இருக்க வேண்டும். 48 என்று வைத்தால் ஆரம் 6169 கி.மீ. 50 என்றால் 6426. 54 என்றால் 6940. அந்தக் காலத்தில் முழம் ஊருக்கு ஊர், துறைக்குத் துறை மாறும். பிரூனி கையில் இருந்த முழக்கோல் இன்று யாரிடமும் இல்லை. ஆகவே "அரை சதவீதப் பிழை" என்று சொல்பவர் பிரூனியை அளக்கவில்லை, தான் தேர்ந்தெடுத்த முழத்தை அளக்கிறார்.

அடுத்து, அவருடைய எண்களையே இன்றைய கால்குலேட்டரில் போட்டால் 1 கோடியே 28 லட்சம் வராது, 1 கோடியே 33 லட்சம் வரும். 34 கலையின் கோசைன் 0.9999511. ஒன்றிலிருந்து கழித்தால் மிஞ்சுவது 0.0000489. இந்தத் துளியால்தான் வகுக்கிறோம். சைன் அட்டவணையில் கடைசி இலக்கம் கொஞ்சம் பிசகினாலும் விடை லட்சக்கணக்கில் நகரும். அப்படித்தான் நகர்ந்திருக்கிறது, சுமார் மூன்றரை சதவீதம்.

கோணத்தில் ஒரு கலை தவறினால்? அதே 49.33 செ.மீ. முழத்தில், கால்குலேட்டர் கணக்குப்படி 34 கலைக்கு 6577 கி.மீ. வருகிறது என்றால், 33 கலைக்கு 6982, 35 கலைக்கு 6206. ஒரு கலைக்கு ஆறு சதவீதம்! ஒரு மீட்டர் ஆரமுள்ள பெரிய வளையத்திலேயே ஒரு கலை என்பது 0.3 மில்லிமீட்டர்தான். அதைக் கோடுபோட்டு வெறும் கண்ணால் படிக்க வேண்டும்.

கடைசியாக எங்கள் தொழிலின் பரம விரோதி, ஒளிவிலகல். அடிவானத்திலிருந்து வரும் ஒளி காற்றில் வளைந்து வரும். அதனால் அடிவானம் உள்ளதைவிடக் கொஞ்சம் உயர்ந்து தெரியும். 652 முழத்தை 321 மீட்டர் என்று வைத்துக்கொண்டு எங்கள் 1.76 கணக்கைப் போட்டால் (கடல்மேல் வழக்கமான விலகலும் அதில் அடக்கம்) 31.6 கலை வருகிறது. காற்றே இல்லாத பூமியாக இருந்தால் 34.5 கலை. அவர் 34 என்று எழுதியிருக்கிறார். காற்று இல்லாத பூமிக்குரிய கோணத்துக்கு இவ்வளவு நெருக்கமாக அவருக்குக் கிடைத்தது எப்படி? வெயிலில் கொதிக்கும் சமவெளியில் விலகல் கடல்மேல் இருப்பதுபோல இருக்காது, அது ஒரு காரணமாக இருக்கலாம். கருவியின் பிழை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம். அந்த உயரத்திலிருந்து அடிவானம் 65 கி.மீ.க்கு அப்பால். தூசியும் மூட்டமும் இல்லாமல் அவ்வளவு தூரம் கூர்மையாகத் தெரியும் நாள் கடலிலேயே அபூர்வம். பொழுது விடியும்போதும் சாயும்போதும் கிடைக்கும் சில நிமிடங்களுக்காக நாங்கள் தவம் கிடப்போம்.

ஆக விடை பொருந்தி வந்ததில், பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டதற்கும் பங்கு உண்டு. சுவரொட்டியில் கிலோமீட்டரே போடாதீர்கள் என்பது என் யோசனை. 34 கலை, 652 முழம், 1 கோடியே 28 லட்சம் முழம் என்று அவர் எழுதியதையே போடுங்கள்.

---

பதில் 3: நிலாமுற்றம்

ஐயா, அப்படியானால் அவர் செய்ததில் ஒன்றுமே இல்லை என்கிறீர்களா?

---

பதில் 4: பழைய மாலுமி

அடடா, நேர்மாறு தம்பி. இருப்பது வேறு இடத்தில் என்கிறேன்.

இந்த மலைக் கணக்கு எதற்காகச் செய்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். அவருக்கு இரண்டு நூற்றாண்டு முன்னால் பாக்தாதில் கலீபா அல்-மஃமூன் ஆள் அனுப்பிப் பூமியை அளக்கச் சொன்னார். சிஞ்சார் சமவெளியில் ஒரு குழு வடக்கே போனது, ஒரு குழு தெற்கே போனது. துருவ உயரம் (வானத்தின் துருவம் அடிவானத்துக்கு மேலே தெரியும் கோணம்) ஒரு பாகை மாறும்வரை நடந்து, நடந்த தூரத்தை அளந்தார்கள். ஒரு பாகைக்கு 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் என்று அவர்கள் சொன்னது நிலைத்துவிட்டது. ஆனால் வேறு எண்களும் சுற்றிக்கொண்டிருந்தன. பிரூனிக்கு யாரோ சொன்னதை அப்படியே விழுங்கப் பிடிக்காது. இளவயதில் காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே திஹிஸ்தான் சமவெளியில் தானும் அதே மாதிரி நடந்து அளக்கப் பார்த்தார். ஆளும் இல்லை, பணம் தர அரசனும் இல்லை. கைவிட்டார். பிறகு நந்தனாவில் ஒரு மலையும் அதன் காலடியில் தட்டையான பெருவெளியும் ஒன்றாகக் கண்ணில் பட்டதும், ஒரே ஆளாகச் செய்யக்கூடிய வழி இது என்று பிடித்துக்கொண்டார்.

வழிகூடத் தன் சொந்தச் சரக்கு என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அல்-மஃமூன் பைசாந்தியப் படையெடுப்புக்குப் போனபோது கடலோரம் ஓர் உயரமான மலையில் ஸனத் இப்னு அலீ என்ற வானியலாளரை ஏற்றி, சூரியன் மறையும்போது தாழ்வுக் கோணத்தை அளக்கச் சொன்னார் என்ற செய்தியை அவரே தருகிறார். நமக்கு வரும் குறிப்புகளில்தான் ஸனத் பெயர் உதிர்ந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இது. மலையில் கிடைத்த எண்ணையும் அல்-மஃமூன் ஆட்களின் எண்ணையும் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் நெருங்கி வருகின்றன, அவர்களுடைய கருவிகள் நுட்பமானவை, ஆகவே அவர்கள் எண்ணையே எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விடுகிறார். தன் கையால் எடுத்த அளவை! நாம்தான் ஆயிரம் வருஷம் கழித்து அதற்குத் தசமப் புள்ளி வைத்துக் கொண்டாடுகிறோம்.

கடலோடி என்ற முறையில் என்னைக் கட்டிப்போட்டது பூமியின் ஆரம்கூட இல்லை, தீர்க்கரேகை. 997 மே 24 இரவு சந்திர கிரகணம். பிரூனி தன் சொந்த ஊரான காத்தில், அதாவது குவாரஸ்மில், இன்றைய உஸ்பெகிஸ்தானில். அபுல் வஃபா என்ற வானியலாளர் பாக்தாதில். இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரே கிரகணத்தைப் பார்த்து உள்ளூர் நேரத்தைக் குறித்தார்கள். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் என்றால் 15 பாகை. இன்றைய வரைபடத்தில் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 16 பாகைக்குக் கொஞ்சம் கூடுதல். அப்போது அவருக்கு வயது 23. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் ஊரில் ஆட்சி கவிழ்ந்து, ஆதரித்த அரச குடும்பம் அழிந்து, ஊரைவிட்டே ஓடியிருந்தவர். தந்தியும் வானொலியும் கடிகாரமும் இல்லாமல் இரண்டு ஊர்களின் நேரத்தை ஒட்டிவைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கடலில் ஓடும் நல்ல கடிகாரம் வரும்வரை மாலுமிகள் தீர்க்கரேகைக்கு என்ன பாடு பட்டார்கள் என்று தெரிந்தவனுக்கு இது சாதாரணம் இல்லை.

1017இல் கஜினி மஹ்மூது குவாரஸ்மைப் பிடித்தபோது பிரூனியும் அவருடைய ஆசிரியர் அபூ நஸ்ர் மன்ஸூரும் கஜினிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த வருஷம் அக்டோபர் 14 அன்று காபூலுக்குப் பக்கத்தில் ஜைஃபூர் என்ற கிராமத்தில் இருக்கிறார். மனம் நொந்த நிலை, கையில் கருவி ஒன்றும் இல்லை. கணக்குப் போடும் பலகையைத் திருப்பி அதன் முதுகில் வட்ட வில் ஒன்றை வரைந்து, பாகை பிரித்து, நூல் குண்டு தொங்கவிட்டு அந்த இடத்தின் அட்சரேகையை எடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தேவையும் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டலாம் டீச்சர்; பலகை, நூல், குண்டு போதும்.

---

பதில் 5: ஏடுதேடி

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. பூமி சுழல்வதாக அவர் சொன்னாரா? இல்லை. போடாதீர்கள்.

சுழல்கிறது என்று 499இலேயே எழுதியவர் ஆரியபட்டர். பிரம்மகுப்தர் அதை மறுத்தார். 1030 வாக்கில் எழுதிய இந்தியா பற்றிய நூலில் பிரூனி இந்த வாதத்தை எடுத்துவைத்து, பூமி சுழல்கிறது என்று கொண்டாலும் வானியல் கணக்குகள் எதுவும் கெடாது, இரண்டு வழியிலும் ஒரே தோற்றங்களை விளக்கலாம் என்கிறார். வேறு காரணங்களால் அது ஏற்கத்தக்கதல்ல என்றும், தீர்ப்பதற்கு மிகக் கடினமான கேள்வி என்றும் அதே இடத்தில் சேர்க்கிறார். பூமி சுழல்வதாக வைத்து அல்-ஸிஜ்ஸீ என்பவர் ஓர் அஸ்ட்ரோலாப் (வான்பொருள்களின் நிலையைக் கணிக்கும் கருவி) செய்ததையும் பார்த்து மெச்சியிருக்கிறார். ஆனால் தன் பெரிய வானியல் நூலான மஸூதி கானூனில் பூமியை நிலையாகத்தான் வைத்தார். கணக்கில் வேறுபாடு வராது, ஆகவே கணக்கை வைத்து மட்டும் முடிவுசெய்ய முடியாது என்று சொன்னதே போதாதா? அதை ஏன் "முன்பே சொல்லிவிட்டார்" ஆக்க வேண்டும்?

சுவரொட்டியில் இடம் இருந்தால் இதையும் சேருங்கள். இந்தியா முழுவதும் சுற்றினார் என்று எழுதுகிறார்கள். அவரே அந்த நூலில் தான் அட்சரேகை எடுத்த இடங்களைப் பட்டியல் போடுகிறார். கஜினி, காபூல், பெஷாவர், ஜீலம், நந்தனா கோட்டை, சியால்கோட், முல்தான் என்று போகிறது. இவற்றைத் தாண்டி நான் போகவில்லை என்று அங்கேயே சொல்லிவிடுகிறார். மிச்சத்தை எல்லாம் சமஸ்கிருதம் படித்தும் பண்டிதர்களைக் கேட்டும் எழுதினார். பதஞ்சலி யோக சூத்திரத்தை அரபியில் கொண்டுவந்தவரும் அவர்தான்.

மஹ்மூதின் படையெடுப்புகள் நாட்டைப் பாழாக்கின, அதனால்தான் இந்துக்களின் கல்வி நம் கைக்கு எட்டாத தூரத்துக்கு ஓடிவிட்டது என்று அந்த அரசனின் தலைநகரில் இருந்துகொண்டே எழுதினார் பாருங்கள், அதற்குத் துணிச்சல் வேண்டும். மஹ்மூது 1030இல் இறந்துவிட்டார், ஆனால் அரியணையில் இருந்தவர்கள் அவர் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான மஸூது பெயரில்தான் கானூன் அர்ப்பணம்.

---

பதில் 6: சாக்பீஸ்

அனைவருக்கும் நன்றி. சுழற்சி வரியை எடுத்துவிட்டேன். கிரகணத்தையும் ஜைஃபூர் பலகையையும் சேர்க்கிறோம். மாலுமி ஐயா, ஒரே ஒரு சந்தேகம். மலை உயரத்தை எப்படி எடுத்தார்? உச்சிக்கு நேர் கீழே போய்க் கயிறு பிடிக்க முடியாதே.

---

பதில் 7: பழைய மாலுமி

முடியாது. கீழே சமவெளியில் நின்று, பலகையில் சுழலும் ஒரு பார்வைக் கோலால் மலை உச்சியைக் குறிவைத்துச் செய்தார். அவருடைய பலகை வடிவத்துக்குள் போனால் குழப்பம்தான் மிஞ்சும். பிள்ளைகளுக்கு எளிய வடிவம் சொல்லுங்கள். ஓரிடத்தில் நின்று உச்சியின் ஏற்றக் கோணத்தை எடுங்கள். மலையை விட்டு நேர்கோட்டில் பின்னே போய் மறுபடி எடுங்கள். இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு கோடேன்ஜென்ட்களின் வித்தியாசத்தால் வகுத்தால் உயரம். மலைக்குள் எவ்வளவு தூரத்தில் உச்சி இருக்கிறது என்று தெரியவே வேண்டாம்.

மேலே "652 முழமும் சொச்சமும்" என்றேன். சொச்சம் அறுபதின் கூறுகளில் 3, 18, அதாவது 60இல் 3 பங்கும் 3600இல் 18 பங்கும். கணக்குப் போட்டால் கடைசிக் கூறு முழத்தில் 3600இல் 18 பங்கு, அதாவது இரண்டரை மில்லிமீட்டர். மலை உயரத்தை இரண்டரை மில்லிமீட்டருக்கு யாரும் அளக்கவில்லை, வகுத்ததில் வந்ததை அப்படியே இறக்கிவைத்திருக்கிறார். இன்றைக்கும் பிள்ளைகள் கால்குலேட்டரில் வந்த எட்டு இலக்கத்தையும் எழுதிவைப்பார்களே, அவர்களை நீங்கள் திட்டும்போது இதைச் சொல்லாதீர்கள்.

படம் வரையும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கோணத்தை உச்சியிலிருந்து கிடைக்கோட்டுக்குக் கீழே போடச் சொல்லுங்கள். மேலே நோக்கிப் போட்ட படங்கள் நிறையச் சுற்றுகின்றன. 34 என்று எழுதுமிடத்தில் கலை என்றும் போடுங்கள், இல்லாவிட்டால் பார்ப்பவர்கள் பாகை என்று எடுத்துக்கொள்வார்கள். 34 பாகை தாழ்வு தெரிய வேண்டுமானால் 1300 கி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும்.